ஜப்பானில் வயதும் வாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரமும் மக்கள்தொகையும் ஒரு நாட்டின் அரசியலை எப்படி வளைக்கின்றன என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் ஜப்பானைக் காட்டுவார்கள். "முதியவர்கள் பெருகிவிட்டார்கள், அரசியல் உறைந்துவிட்டது" என்று ஒரே வரியில் கதையை முடித்தும்விடுவார்கள். விஷயம் அவ்வளவு சுலபமாக முடியாது. இன்றைய ஜப்பான் அரசியலில் பெரும்பகுதி, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்த மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளின் மிச்சம் என்பது என் வாதம். ஊரைவிட்டு மக்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கென்று பிரித்த தொகுதிகளும் போட்ட திட்டங்களும் போகவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு வருவோம்.

நிலைமை உண்மையில் எவ்வளவு மோசம்?

2008 இல் 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை 2024 இல் 12.4 கோடிக்கு அருகில் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் 29 சதவீதம். 1950 இல் ஐந்து சதவீதம்கூட இல்லை. 1949 இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 27 லட்சம். 2024 இல் 6.86 லட்சம். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2024 இல் 1.15 ஆக இறங்கியது.

இவ்வளவு வேகமாக எப்படி மூப்படைந்தது?

போர் முடிந்து ராணுவத்தினர் வீடு திரும்பியதும் 1947 முதல் 1949 வரை பிறப்புகள் குவிந்தன. சோற்றுக்கே பஞ்சமாக இருந்த காலம். 1948 இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. அடுத்த ஆண்டே பொருளாதாரக் காரணத்தையும் அதில் சேர்த்தார்கள். 1947 இல் 4.54 ஆக இருந்த பிறப்பு விகிதம் பத்தே ஆண்டுகளில் இரண்டுக்கு வந்துவிட்டது. அந்த மூன்றாண்டுப் பெருங்கூட்டம் பள்ளிக்குப் போனபோது வகுப்பறைகள் போதவில்லை. வேலைக்குப் போனபோது தொழிற்சாலைகள் பெருகின. ஓய்வு பெற்றபோது ஓய்வூதியக் கணக்கு தள்ளாடியது. இந்த வரிசையைப் பின்தொடர்ந்தாலே ஜப்பானின் எழுபது ஆண்டுத் தேர்தல் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

அதில் பொருளாதாரத்தின் பங்கு என்ன?

1960 இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோ தெருக்கள் கொந்தளித்தன; பிரதமர் நொபுசுகே கிஷி பதவி விலகினார். அடுத்து வந்த ஹயாடோ இகேடா, ஒப்பந்தப் பேச்சை ஓரங்கட்டிவிட்டு, பத்தாண்டுகளில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்குவேன் என்றார். பத்தாண்டு முடியும் முன்பே அது நடந்தும்விட்டது. சித்தாந்தச் சண்டையைச் சம்பள உயர்வு அமைதிப்படுத்திய அந்த அனுபவத்தை லிபரல் ஜனநாயகக் கட்சி பிறகு மறக்கவே இல்லை. 1955 இல் உருவான அந்தக் கட்சி, 1993-94 இலும் 2009-12 இலும் மட்டுமே ஆட்சியை இழந்திருந்தது.

ஆனால் வருமானத்தை இரட்டிப்பாக்கிய அதே வளர்ச்சி அந்தக் கட்சியின் வேரையும் அரித்தது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிராமத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சிறப்பு ரயில்களில் ஏறி நகரத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கட்சியின் வாக்குவங்கியோ கிராமம். போருக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரர்கள் நில உரிமையாளர்கள் ஆகியிருந்தார்கள். கையில் நிலம் வந்தவனுக்குப் புரட்சியில் நாட்டம் குறைந்துவிடும். அவர்களிடம் அரசு நல்ல விலைக்கு நெல்லை வாங்கியது, அவர்கள் கட்சிக்கு வாக்களித்தார்கள்.

கிராமங்கள் காலியான பிறகும் கிராமத்தின் செல்வாக்கு எப்படி நீடித்தது?

மக்கள் இடம்பெயர்ந்தார்கள், நாடாளுமன்ற இடங்கள் இடம்பெயரவில்லை என்பதுதான் சுருக்கமான பதில். 1972 பொதுத் தேர்தலில் ஒரு கிராமத்து வாக்காளரின் ஓட்டு, ஒரு நகரத்து வாக்காளரின் ஓட்டைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு எடை கொண்டிருந்தது. துல்லியமாகச் சொன்னால் 4.99 மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணானது என்று 1976 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நடந்த தேர்தலை ரத்து செய்யவில்லை. தவறு என்று சொல்லிவிட்டுத் தண்டனை தராமல் அனுப்பும் இந்தப் பழக்கம் பிறகும் தொடர்ந்தது.

இந்தக் காலத்தின் முழு உருவம் ககுவெய் தனகா. பனி கொட்டும் நீகாட்டாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கட்டுமானத் தொழில் செய்து, 1972 இல் பிரதமரானவர். அவருடைய ஆதரவு அமைப்பான எட்சுசான்கை, குகைப்பாதை வேண்டும், பாலம் வேண்டும், பனி அள்ளும் வண்டி வேண்டும் என்று ஊர் ஊராக மனு வாங்கும், வேலையும் நடக்கும், வாக்கும் விழும். 1982 இல் நீகாட்டாவுக்கு அதிவேக ரயிலே வந்துவிட்டது. லாக்ஹீட் விமான ஊழலில் 1983 அக்டோபரில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே டிசம்பரில் நடந்த தேர்தலில் 2,20,000 வாக்குகளுக்கு மேல் பெற்று வென்றார். ஊழல்வாதிக்கு மக்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று டோக்கியோவில் வியந்தார்கள். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத மலையூர்களில் அந்த வியப்பு இல்லை.

நகரத்துக்கு வந்தவர்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை. அவர்கள் வேலைக்குப் போன நகரங்களில் காற்று கறுத்துக் கிடந்தது, வீடு இல்லை, கழிவுநீர் வசதி இல்லை. கோபத்தை உள்ளாட்சியில் காட்டினார்கள். 1967 இல் சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு ஆதரவுடன் ரியோகிச்சி மினோபே டோக்கியோவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969 இல் அங்கே முதியோருக்கு இலவச மருத்துவம் தொடங்கியது. மற்ற நகரங்களும் பின்பற்றின.

லிபரல் ஜனநாயகக் கட்சி என்ன செய்தது? எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது. 1970 இல் ஒரே கூட்டத்தொடரில் மாசுக்கட்டுப்பாடு தொடர்பாக 14 சட்டங்கள். 1973 இல் தனகா அரசு 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நாடு முழுவதும் மருத்துவத்தை இலவசமாக்கியது, ஓய்வூதியத்தையும் உயர்த்தியது. அன்று நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் முதியவர்கள். பொருளாதாரமோ ஆண்டுக்குப் பத்து சதவீத வளர்ச்சிக்குப் பழகியிருந்தது. கணக்கு இடிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பழைய வளர்ச்சி திரும்பவே இல்லை. இலவசம் என்று எழுதிய கை மை உலரும் முன்பே, அதை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வி வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து, 1983 இல்தான், முதியோரிடம் சிறு கட்டணம் வாங்கத் துணிந்தார்கள்.

தொகுதிகள் இன்னமும் அப்படியேதானா?

மெல்ல மாறின. 1994 இல் தேர்தல் முறை மாறியது. 2022 இல் மக்கள்தொகைக்கு நெருக்கமான கணக்கின்படி பத்து இடங்களை நகர்த்தினார்கள்: டோக்கியோவுக்கு ஐந்து கூடியது, ஹிரோஷிமா, யமகுச்சி, நாகசாகி போன்ற பத்து மாகாணங்கள் ஆளுக்கொன்றை இழந்தன. 2024 தேர்தல் இந்த வரைபடத்தில்தான் நடந்தது. மேலவையில் 2016 முதல் டோட்டோரியும் ஷிமானேயும் சேர்ந்து ஒரே தொகுதி. பிரதமராக இருந்த நொபுரு தகேஷிதாவின் சொந்த மண் ஷிமானே. அந்த மாகாணத்துக்கென்று மேலவையில் ஒரு தனி இடம்கூட இல்லாமல் போகும் என்று அவர் காலத்தில் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது தமிழ்நாட்டின் தொகுதி மறுவரையறைச் சர்ச்சை நினைவுக்கு வருகிறதே?

வரத்தான் செய்யும். மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களின் பங்கீடு 1971 கணக்கெடுப்போடு நிற்கிறது; 2026 க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்புவரை நிற்கும் என்பது 84 ஆவது திருத்தம். நமக்குக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. ஜப்பான் கதையில் நாம் டோக்கியோ அல்ல, ஷிமானே. மக்கள்தொகை வேகமாகக் கூடாத பக்கம் நாம்; பழைய கணக்கால் பலன் பெறும் பக்கமும் நாமே. ஆனால் ஒப்பீடு அத்தோடு நின்றுவிடும். ஷிமானே ஒற்றையாட்சி நாட்டின் ஒரு மாகாணம். ஆள் குறைந்ததற்கு முக்கியக் காரணம் இளைஞர் வெளியேற்றம். தமிழ்நாடு ஒரு கூட்டாட்சியின் உறுப்பு. நாட்டின் கொள்கையென்று சொன்ன குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்து காட்டியதால் பங்கு சுருங்குமோ என்பது இங்கே உள்ள அச்சம். "ஒருவருக்கு ஒரே மதிப்புள்ள ஓட்டு" என்ற ஜப்பானிய வாதத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடுவது சரிவராது.

நுகர்வு வரி ஏன் அரசுகளைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறது?

ஜப்பான் அரசியலின் நீண்ட காயம் இது. முதியோர் செலவு ஏறுகிறது; உழைப்பவர் வருமானத்தின் மீது மட்டும் வரி போட்டால் உழைப்பவர்களே குறைகிறார்கள்; ஆகவே எல்லோரும் செலவழிக்கும்போது கட்டும் வரி வேண்டும். நிதி அமைச்சகத்தின் இந்தத் தர்க்கத்தில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் தொட்டவர்கள் கை சுட்டது.

1979 இல் பிரதமர் மசயோஷி ஒஹிரா அந்த யோசனையைச் சொல்லிவிட்டு, தேர்தல் நடுவிலேயே கைவிட்டார். 1989 ஏப்ரலில் தகேஷிதா மூன்று சதவீதத்தில் கொண்டுவந்தார். ஜூலையில் மேலவையில் கட்சி பெரும்பான்மையை இழந்தது. ரெக்ரூட் பங்கு ஊழலும் விவசாயிகளின் கோபமும் சேர்ந்துகொண்டன என்றாலும், கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டியது வரிதான். 1997 இல் ரியூதாரோ ஹஷிமோட்டோ அதை ஐந்தாக்கினார். மறுவருடம் மேலவைத் தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார். 2012 இல் யோஷிஹிகோ நோடாவின் ஜனநாயகக் கட்சி, லிபரல் ஜனநாயகக் கட்சியோடும் கொமெய்தோ கட்சியோடும் உடன்பட்டு வரி உயர்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த டிசம்பரில் கீழவையில் அதற்கு மிஞ்சியது 57 இடங்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பு வென்றது 308. உடன் கையெழுத்துப் போட்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஷின்சோ அபே 2014 இல் எட்டாக்கிவிட்டு, பத்தாக்குவதை இருமுறை தள்ளிப்போட்டு, 2019 அக்டோபரில்தான் செய்தார். உணவுக்கு எட்டே நீடித்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது நோடா. செய்ய வேண்டியது என்று மூன்று கட்சிகள் ஒப்புக்கொண்ட ஒன்றைச் செய்து தன் கட்சியைக் கரைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபின் வேறு யார் துணிவார்கள்? வசூலிக்காத வரி கடனாகிறது. அரசின் மொத்தக் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் முதியோர்தான் ஆட்சியை ஆட்டிவைக்கிறார்கள், இல்லையா?

ஓரளவு. 2021 பொதுத் தேர்தலில் அறுபதுகளில் இருப்பவர்களில் 71 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இருபதுகளில் 36 சதவீதம். எண்ணிக்கையிலும் மூத்தோர் அதிகம், வாக்குச்சாவடிக்குப் போவதிலும் அதிகம். 2016 இல் வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்ததும் இதைப் பெரிதாக மாற்றவில்லை. முதியோரைச் சீண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 சாட்சி. 75 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனி மருத்துவக் காப்பீட்டை ஏப்ரலில் கொண்டுவந்து, ஓய்வூதியத்திலிருந்தே தவணையைப் பிடித்தார்கள். அதே மாதம் யமகுச்சியில் நடந்த இடைத்தேர்தலில் ஆளும் கட்சி தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, யாருடையதென்று தெரியாத ஐந்து கோடி ஓய்வூதியப் பதிவுகள் கிடப்பில் இருப்பது அம்பலமாகி, அபேயின் முதல் ஆட்சி மேலவைத் தேர்தலில் அடிவாங்கியது.

இருந்தாலும் "சுயநல முதியவர்கள்" என்ற சித்திரத்தை நான் ஏற்கவில்லை. விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் முழுமையாக ஏறாதபடி 2004 இல் சட்டம் போட்டார்கள். 2022 அக்டோபர் முதல் 75 ஐத் தாண்டிய ஓரளவு வருமானமுள்ளவர்கள் மருத்துவச் செலவில் பத்துக்குப் பதில் இருபது சதவீதம் கட்டுகிறார்கள். முதியோரிடமிருந்தும் பிடித்தாகிவிட்டது. மேலும், அப்பா அம்மாவின் ஓய்வூதியம் குறைந்தால் அந்தச் சுமை வந்து விழுவது ஐம்பது வயது மகள் தலையில். அவளும் வெட்டுக்கு எதிராகத்தான் வாக்களிப்பாள்.

குழந்தைகளுக்கு ஏன் முன்பே செலவழிக்கவில்லை?

எச்சரிக்கை மணி 1990 இலேயே அடித்தது. முந்தைய ஆண்டின் பிறப்பு விகிதம் 1.57 என்று வெளியாயிற்று. அது ஏன் அதிர்ச்சி தந்தது என்பதற்குப் பின்னால் ஒரு ஜாதகக் கதை இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. 1966 அப்படிப்பட்ட ஆண்டு. பிறப்புகள் கால்பங்கு சரிந்து விகிதம் 1.58 ஆனது. எந்த நம்பிக்கையும் குறுக்கே வராத சாதாரண ஆண்டான 1989 அதற்கும் கீழே போய்விட்டது. (2026 மீண்டும் அந்த ஆண்டுதான்.)

முதல் திட்டம் 1994 இல் வந்தது, அரை மனத்தோடு. 2009 இல் ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சி குழந்தைக்கு மாதம் 26,000 யென் தருவதாகச் சொல்லி 13,000 தான் கொடுத்தது. அப்போதைய எதிர்க்கட்சி அதையே வாரியிறைப்பு என்று ஏசியது. 2016 இல், பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒரு தாய் பெயரில்லாமல் இணையத்தில் கொட்டிய ஆத்திரம் நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. பெயரில்லாததால் உண்மையா என்று சரிபார்க்க முடியாது என்று அபே சொல்ல, "அது நான்தான்" என்று எழுதிய அட்டைகளோடு பெற்றோர் திரண்டார்கள். 2019 வரி உயர்வின் ஒரு பங்கு மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் கட்டணமில்லாப் பராமரிப்புக்குப் போனதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்பேன். 2023 இல் குழந்தைகளுக்கென்று தனி அரசு முகமையே வந்தது. ஆனால் ஜப்பானில் திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் இரண்டு சதவீதம் அளவுதான். கல்யாணமே செய்துகொள்ளாதவர்களுக்குக் காப்பகம் என்ன செய்யும்?

மக்கள் போன ஊர்களில் அரசியல் எப்படி நடக்கிறது?

ஹொக்கைடோவின் யூபாரி நிலக்கரி நகரம். 1960 இல் அங்கே 1,17,000 பேர். கடைசிச் சுரங்கம் 1990 இல் மூடியது. சுற்றுலா என்று கடன் வாங்கிக் கட்டினார்கள். 2007 இல் நகராட்சி திவாலானது. இன்று 7,000 பேர்கூட இல்லை. ஒரே ஒரு தொடக்கப்பள்ளி. 2011 இல் அங்கு மேயரான நவோமிச்சி சுசுகிக்கு வயது 30. டோக்கியோ மாநகர அரசு அனுப்பிய ஊழியராக வந்தவர், பிறகு ஹொக்கைடோ ஆளுநராகவே ஆனார். கொச்சி மாகாணத்தின் ஒகாவா கிராமத்தில் சுமார் 400 பேர். உறுப்பினராக நிற்க ஆள் கிடைக்காததால், 2017 இல் கிராம மன்றத்தைக் கலைத்துவிட்டு எல்லா வாக்காளரும் கூடி முடிவெடுக்கலாமா என்று யோசித்தார்கள். இதைப்போல் போட்டியே இல்லாமல் நிரம்பும் இடங்கள் நாடெங்கும் பெருகிவருகின்றன.

வெளிநாட்டவரை வரவழைத்தால் தீராதா?

வரவழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சொல்லாமல். 1990 இல் ஜப்பானிய வம்சாவளி பிரேசிலியர்களுக்குக் கதவு திறந்தது. 1993 இல் "பயிற்சி" என்ற பெயரில் தொழிலாளர்கள் வந்தார்கள். 2018 சட்டத்தின்படி ஐந்தாண்டுகளில் 3,45,000 பேர்வரை என்று சொன்ன அபே, இது குடியேற்றக் கொள்கை அல்ல என்று வற்புறுத்தினார். 2024 முடிவில் நாட்டில் வசித்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 37.7 லட்சம், அதாவது மூன்று சதவீதம். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆயினும் "ஜப்பானியருக்கே முதலிடம்" என்ற முழக்கத்தோடு சான்செய்தோ கட்சி 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 14 இடங்களை வென்றது. மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டுச் செய்யாத வேலைக்கு இப்படித்தான் பின்னால் பில் வரும்.

2025 இல் அரிசி ஏன் அரசியலானது?

கட்சிக்கும் விவசாயிக்கும் இடையிலான பழைய உடன்பாடு முறிந்த சத்தம் அது. அரிசி உண்பது குறைந்ததால், விலை விழாமலிருக்க 1970 முதல் நெல் பரப்பைக் குறைக்க அரசே பணம் கொடுத்தது. விவசாயிகளின் சராசரி வயது 2024 இல் 69 ஐ ஒட்டி இருந்தது. வரத்து சற்றுக் குறைந்ததும் ஐந்து கிலோ அரிசி ஓராண்டில் இரட்டிப்பாகி 4,000 யென்னைத் தாண்டியது. ஆதரவாளர்கள் தருவதால் தான் அரிசியை விலைக்கு வாங்கியதே இல்லை என்று பேசிய விவசாய அமைச்சர் தகு எட்டோ மே மாதம் பதவி விலகினார். ஜூலையில் ஆளும் கூட்டணி மேலவைப் பெரும்பான்மையையும் இழந்தது.

எல்லாவற்றுக்கும் மக்கள்தொகையே காரணமா?

இல்லை. 2024 கீழவைத் தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி அடைந்த தோல்விக்கு அதன் கறுப்புப் பண விவகாரம் பெரிய காரணம். இத்தாலியும் மூத்த நாடுதான். அங்கே ஒரே கட்சி இப்படி நீடிக்கவில்லை.

அடுத்து கவனிக்க வேண்டியது எந்தத் தலைமுறையை?

எழுபதுகளின் முற்பாதியில் பிறந்தவர்களை. 1940களின் பெருங்கூட்டத்துடைய பிள்ளைகள் இவர்கள். 1989 டிசம்பரில் 38,915 ஐத் தொட்ட பங்குச்சந்தைக் குறியீடு சரிந்த பிறகு வேலை தேடிப் புறப்பட்டவர்கள். நிரந்தர வேலை கிடைக்காமல் ஒப்பந்தக் கூலியிலேயே பலருக்கு வயது ஏறியது. பலர் மணம் முடிக்கவில்லை. மூன்றாவது பிறப்பு அலை வராமல் போனதற்கு இந்த இடம்தான் காரணம். 2040 வாக்கில் இவர்கள் 65 ஐத் தொடுவார்கள், கையில் மெலிந்த ஓய்வூதியத்தோடு. 2025 ஜூனில் நாடாளுமன்றம் ஓய்வூதியச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிப்படை ஓய்வூதியத்தை உயர்த்துவது குறித்து ஆளும் கட்சியும் பிரதான எதிர்க்கட்சியும் உடன்பட்டன. ஆனால் அதைச் செய்வதா என்ற முடிவை 2029 இல் வரும் கணக்காய்வுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.